இருபத்தோராம் நாள்

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல" என்பது நம் பழமொழி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதியோர் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் படிக்குங்கால் எனக்கு இப்பழமொழியே நினைவுக்கு வந்தது. காரணம் இதுதான்.

1965ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் 'மெடிகேர்' பிறந்தது. அறுபத்தைந்து வயது நிரம்பியோருக்காக அந்நாட்டு அரசு நடத்தும் காப்பீட்டுத் திட்டம் இது. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை முடிகிறது. ஆயினும் எழுந்து நடக்கப் பயிற்சி வேண்டும். புண் ஆறும்வரை கவனிப்பு வேண்டும். இதற்கென்றே அங்குச் செவிலியர் பராமரிப்பு இல்லங்கள் உள்ளன. மெடிகேரின் பொது விதிப்படி, குறைந்தது மூன்று நாள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தவருக்கு, ஒரு நோய்க்காலத்தில் நூறு நாள் வரை இல்லச் செலவில் உதவி கிடைக்கும்.

முதல் இருபது நாள்களுக்கு நோயாளி ஒரு காசும் தரவேண்டியதில்லை. இருபத்தோராம் நாள் தொடங்கி நூறாம் நாள் முடிய, நாள்தோறும் அவர் ஒரு பங்குத் தொகை செலுத்த வேண்டும். இதனையே இணைக்கட்டணம் என்கிறோம். 1967இல் இது நாளொன்றுக்கு 5 டாலர், 2025இல் 209.50 டாலர். எண்பது நாள்களுக்கும் கணக்கிட்டால் 16,760 டாலர் ஆகிறது!

ஏன் இந்த ஏற்பாடு? விலையின்றிக் கிடைப்பதை மக்கள் தேவைக்கு மேல் நுகர்வர். சிறிது செலவு தம்மையும் சார்ந்தால் அளவறிந்து நடப்பர் என்பது பொருளியலார் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1974 முதல் 1982 வரை ராண்ட் நிறுவனம் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், கட்டணம் கூடியபோது மக்கள் மருத்துவரை நாடுவது குறைந்தது. ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை; தேவையானதையும் சேர்த்தே குறைத்தனர். மேலும், அச்சோதனையில் முதியோர் சேர்க்கப்படவேயில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

முதியோரிடம் விளைவது என்ன? இருபதாம் நாளில் இல்லத்தை விட்டு வெளியேறுவோர் தொகை திடீரென உயர்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். முறிந்த எலும்பு நாள்காட்டி பார்த்துக் கூடுவதில்லையே! 2019இல் வெளியான ஆய்வொன்று மேலும் ஒன்றைக் காட்டியது. பத்தொன்பதாம் நாளிலோ இருபத்தோராம் நாளிலோ வெளியேறியவரோடு ஒப்பிடுகையில், இருபதாம் நாளில் வெளியேறியவருள் சிறுபான்மை இனத்தாரும், ஏழ்மைப் பகுதிகளில் வாழ்வோரும், பல நோய்கள் உடையோரும் மிகுதியாக இருந்தனர். நீண்ட பராமரிப்பு யாருக்கு வேண்டுமோ, அவரே முன்கூட்டி வீடு திரும்புகிறார்.

இதற்கு மாற்று இல்லையா என்று கேட்கலாம். வசதியுள்ளோர் துணைக் காப்பீடு வாங்கி இக்கட்டணத்தைத் தவிர்க்கின்றனர். மிக வறியோருக்கு 'மெடிகெய்ட்' என்னும் மற்றோர் அரசுத் திட்டம் கைகொடுக்கிறது. இவ்விரண்டும் இல்லாத நடுநிலையினர் நிலைதான் இரங்கத்தக்கது. சேமிப்பைக் கரைப்பதா, நடை பழகுமுன் வீடு திரும்புவதா என்ற கேள்வி அவர்கள் முன் நிற்கிறது.

இந்த இருபது நாள் எல்லை இயற்கை வகுத்ததன்று, சட்டம் வகுத்தது. 1988இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் கட்டணத்தை முதல் எட்டு நாள்களுக்கு மாற்றி, பிந்திய நாள்களுக்கு விலக்களித்தது. அம்முறை 1989இல் நடைமுறையில் இருந்தது. அதற்கான கூடுதல் வரியை முதியோரே எதிர்த்தமையால் அவ்வாண்டின் இறுதியிலேயே சட்டம் நீக்கப்பட்டு, பழைய முறை திரும்பியது.

கட்டணம் கூடாது என்பதன்று என் கருத்து. செலவுக்கு ஓர் எல்லை வேண்டும். எந்த அரசுக்கும் கருவூலம் அமுதசுரபி அன்று. ஆனால் நோயாளி நடக்கத் தொடங்கிவிட்டாரா என்று கேளாமல், எத்தனையாம் நாள் என்று மட்டும் கேட்கும் கட்டணம் தேவையை அளப்பதில்லை, கையிருப்பையே அளக்கிறது. பொருளியல் பயிலும் நாம், விலை ஏறினால் தேவை குறையும் என்று எழுதி மதிப்பெண் பெறுகிறோம். குறைந்தது யாருடைய தேவை என்று கேட்கவும் பழகுவோமாக!