ஒட்டுக் கத்தியும் சாணை யந்திரத்தின் தாங்குதகடும்

மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் கத்தியின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருத்தல் வேண்டும். தட்டைப் பக்கம் செம்மையாக அமையாவிடில், அக்கத்தியால் சீவப்படும் முகமும் செம்மையாக அமையாது. வேர்ச்செடியின் வெட்டும் ஒட்டுக்குச்சியின் வெட்டும் இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றோ பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்திசுக்கள் கூடும்? இடையில் காற்றுப் புகுந்தால் குச்சி உலர்ந்து போகும். ஒட்டுப் பிடிக்காமைக்கு வெயிலையும் குச்சியின் முற்றலையும் காரணமாகக் கூறுவோர் பலர். கத்தியைச் சந்தேகிப்போர் சிலரே.

இந்நாளில் பட்டறைகள் பலவற்றில் சாணைக்கல்லுக்குப் பதிலாகப் பெல்ட் சாணை யந்திரம் வந்துவிட்டது. உருளைகளின் மேல் ஓடும் உப்புத்துணிப் பட்டையே இதில் தேய்க்கும் பொருள். இரண்டு உருளைகளுக்கு நடுவே, பட்டையின் முதுகுப் புறத்தில், ஓர் இரும்புத் தகடு நிறுத்தப்பட்டிருக்கும். கத்தியை அழுத்தும்போது பட்டை உள்வாங்காமல் தாங்குவது இத்தகடே. பட்டையை அடிக்கடி மாற்றுகிற கொல்லர்கள் இத்தகட்டைக் கவனிப்பதில்லை. குற்றம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஸாதாரண இரும்புத் தகடு பட்டையின் முதுகு உராய்வதாலும், இடையில் சிக்கும் தூளாலும் நாளடைவில் நடுவில் குழிந்து விடும். குழிந்த தகட்டின் மேல் கத்தியை வைத்தால் ஓரங்கள் மிகுதியாகத் தேயும்; நடுப்பாகம் மேடாக நிற்கும். எவ்வளவு நுண்ணிய பட்டை போட்டாலும் இம்மேடு நீங்காது. பளபளப்பு மட்டுமே ஏறும். பளபளப்பைக் கண்டு கத்தியை வாங்குகிறவர் ஏமாறுவது இவ்விதமே.

தகட்டைச் சோதிப்பது எளிது. யந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பட்டையைக் கழற்றிவிட்டு, மூலைமட்டத்தின் விளிம்பைத் தகட்டின் மேல் நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்து, பின்னால் விளக்கொளி படும்படி பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தகடு குழிந்துள்ளது என்று அறியலாம்.

குழிந்த தகட்டை அரம் போட்டுச் சமப்படுத்தலாம். ஆயினும் அது மீண்டும் குழியும். கடினப்படுத்திய எஃகுத் தகடு அதனினும் நெடுநாள் உழைக்கும். எமது அபிப்பிராயத்தில் மிகச் சிறந்தது, மின் அடுப்புகளின் மேற்பலகைக்கு உபயோகமாகும் கண்ணாடிப் பீங்கான் தகட்டை இரும்பின் மேல் ஒட்டுவதே. சுமார் 6 மில்லி மீட்டர் கனம் போதும். இது எளிதில் தேயாது. சூட்டில் விரிவதும் மிகச் சொற்பம். ஜன்னல் கண்ணாடியை இதற்கு ஒருபோதும் உபயோகிக்கலாகாது. சூடேறினால் வெடித்துச் சிதறும். இரும்பின் முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, எபாக்ஸிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் விட வேண்டும். வேலையின்போது ஏறும் சூட்டில் பசை இளகக்கூடும். பட்டை கீழ்நோக்கி ஓடுவதால், தகடு நழுவாதபடி அடியில் ஒரு சிறு இரும்புப் படி வைப்பது அவசியம். தகட்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சற்றே உருட்டி விடாவிட்டால் பட்டையின் இணைப்பு அங்கே தட்டும். தகட்டின் முகம் உருளைகளின் நேர்க்கோட்டுக்கு 2 அல்லது 3 மில்லி மீட்டர் முன்னால் நிற்க வேண்டும்.

இணைப்பைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். 72 அங்குலப் பட்டையே பெரிதும் வழக்கில் உள்ளது. நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும் மோட்டாரில் 4 அங்குல உருளை பூட்டினால், பட்டை நிமிஷத்தில் சுமார் 1,500 அடி ஓடும். அதாவது இணைப்பு நிமிஷத்துக்கு 250 தடவை கத்தியின் கீழ்க் கடக்கும்! இணைப்புத் தடித்திருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு. கத்தி முகத்தில் அலை அலையாகக் கோடுகள் தோன்றுவது இதனாலேயே. ஆகவே விளிம்போடு விளிம்பு சேர்த்து மெல்லிய நாடா ஒட்டிய பட்டைகளை வாங்குவது நலம்.

இறுதி மெருகுக்குத் தகட்டின் மேல் கிராபைட் பூசிய கான்வாஸ் துணியை ஒட்டிக்கொள்ளலாம். கிராபைட் வழுவழுப்பானதால் உராய்வும் சூடும் குறையும். துணி இணைப்பின் தட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் துணி மெத்தென்றிருப்பதால் கத்தியின் ஓரங்களைச் சற்று உருட்டிவிடும். எனவே ஒட்டுக் கத்தியின் தட்டைப் பக்கத்தைக் கடினத் தகட்டிலேயே 60, 120, 220, 400 எண் பட்டைகளில் வரிசையாக முடித்து, துணியைச் சரிவுப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது உசிதம். அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் இத்தனை நுட்பம் வேண்டியதில்லை.

கரி மிகுந்த எஃகு சாணையில் காய்ந்து வைக்கோல் நிறம் கொண்டால் எச்சரிக்கை. 300 டிகிரி சென்டிகிரேடு அளவில் நீலம் பாய்ந்தால் அவ்விடத்தில் பதம் போய்விட்டது என்றே கொள்க. வாய் மெலிந்த பிறகு இது ஓரிரு விநாடியில் நேரும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்து, வெறுங்கையால் சூட்டை உணர்ந்தபடியே அடிக்கடி நனைக்க வேண்டும். புது ஒட்டுக் கத்தி வாங்குகிறவர் அதன் தட்டைப் பக்கத்தின் மேல் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.