பழைய காரின் டோர் பேட் உப்புவது ஏன்? ரெக்ஸின் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இப்படிப்பட்ட பழைய கார்களை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. இன்ஜின் நன்றாகவே ஓடும். வயதைக் காட்டிக்கொடுப்பது கதவின் உட்புறம்தான். டோர் பேடின் கீழ் ஓரம் உப்பி, ரெக்ஸின் உரிந்து, கிளிப் கழன்று ஆடும்.

குஷன் கடையில் விட்டுப் புது ரெக்ஸின் ஒட்டினால் பளபளன்னு ஆகிடும். ஆனால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மறுபடி அதே உப்பல். ‘போன வருஷம்தானே மாத்தினோம்?’ என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கோளாறு ரெக்ஸினில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது.

தண்ணீர் எப்படி வருது?

கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்புதான். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியே கொஞ்சம் தண்ணீர் போகும். அது வடிய கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். அந்த ஈரம் டோர் பேடைத் தொடாமல் காப்பது, தகரத்துக்கும் பேடுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்.

லாக், கண்ணாடி ரிப்பேருக்குப் பேடைக் கழற்றும்போது இந்த ஷீட் கிழியும். பல நேரம் யாரும் திரும்ப ஒட்டுவதில்லை. பிறகென்ன, ரெக்ஸினுக்கு அடியில் உள்ள ஹார்டுபோர்டு ஈரத்தை உறிஞ்சி உப்பும். துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது செலவு குஷன் கடையோடு நிற்காது; டிங்கர், பெயின்டர் என்று நீளும்.

எந்த வரிசையில் செய்யணும்?

* முதலில் அடித்துளைகளைக் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடி ஓர ரப்பர் பீடிங் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

* கிழிந்த ஷீட்டுக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, சுற்றிலும் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். அதன் கீழ் ஓரம் கதவின் உள்பக்கம் போக வேண்டும். அப்போதுதான் தண்ணீர் துளையை நோக்கி வடியும்.

* உப்பிய போர்டின் மேலேயே ரெக்ஸின் ஒட்டுவது வீண். பழையதை அச்சாக வைத்துப் புது போர்டு வெட்டலாம். கிளிப் துளைகள் சற்று விலகினாலும் பேட் உட்காராது. போர்டின் ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறாது.

* ரெக்ஸின், போர்டு இரண்டிலும் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வந்த பிறகே அழுத்த வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே சூடு கடுமையாக ஏறும் என்பதால் வெப்பம் தாங்கும் பசை அவசியம்.

துணி ஒட்டலாமா? ஸ்பீக்கர் வைக்கலாமா?

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். ரெக்ஸினுக்குப் பதில் பருத்தித் துணி ஒட்டினால் அழகாக இருக்குமே என்று தோன்றலாம். ஆனால் பருத்தி ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளுக்கும். ஆசைப்பட்டால் பேடின் நடுப்பகுதியில் மட்டும் வைக்கலாம். கீழ்ப்பகுதிக்கு ரெக்ஸின்தான் சரி.

ஸ்பீக்கருக்குத் துளை போடும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி, உள்ளே எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி ஸ்பீக்கரில் இடிக்கும்.

சட்டச் சிக்கல் வருமா என்ற கவலை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. ரெக்ஸின் மாற்றுவது அதில் சேராது.

பேடை மாட்டும் முன் ஒரு சோதனை போதும்: கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே இறங்கிய தண்ணீர் அடித்துளை வழியே வடிந்து, ஷீட்டின் இந்தப் பக்கம் காய்ந்தே இருந்தால் பேடை மாட்டலாம்.