பழைய வீடும் கொட்டிலும் வாங்குமுன்...

கொல்லையோடு சேர்ந்த பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது என்றால் விவசாயிக்கு ஆசை வருவது இயல்பே. மாட்டுக் கொட்டில், நெல் பத்தாயம், வைக்கோல் போர் போட இடம், கிணறு எல்லாம் ஒரே வளைவுக்குள் கிடைக்கும். ஆனால் அறுவடைப் பணத்தை முன்பணமாகக் கொடுக்குமுன் சிலவற்றைப் பார்த்தாக வேண்டும்.

முதலில் பத்திரம். பழைய வீடு பெரும்பாலும் பூர்வீகச் சொத்து. விற்க வருபவர் ஒருவர், பங்குதாரர் பலர். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் சமபங்கு கொடுத்தது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமான பெண்களுக்கும் அதைக் கொடுத்தது. "தங்கைக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவள் கேட்கமாட்டாள்" என்ற பேச்சை நம்பிக் கிரயம் செய்தவர், பிறகு பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியாக நிற்க நேரிடும். சகோதரிகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். அல்லது அவர்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. எழுதிப் பதியாத பங்கு அதில் தெரியாது.

வீடு நத்தம் பட்டாவில் இருக்க, கொட்டிலோ களமோ புறம்போக்கில் நீண்டிருப்பதும் உண்டு. மூன்று தலைமுறையாக மாடு கட்டிய இடம் என்பதாலேயே அது பட்டா இடமாகிவிடாது. சர்வேயரைக் கொண்டு அளந்து, புலப்படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே விலை பேசலாம்.

கட்டடத்தைப் பார்க்க ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. வெயில் காலத்தில் எந்த ஓட்டு வீடும் நன்றாகத்தான் இருக்கும்! அடைமழையில் பார்த்தால் ஒழுகும் இடமும், சுவரில் ஈரம் ஏறியுள்ள உயரமும் தெரியும். உத்திரம், பனங்கை ஆகியவை சுவருக்குள் புதைந்துள்ள முனைகளை உளியால் குத்திப் பார்ப்பது அவசியம். ஈரமும் கரையானும் அங்கேதான் சேரும்.

பழுது பார்க்கும்போது கூரையை முதலில் முடிக்க வேண்டும். சுவருக்குப் பலரும் செய்யும் தவறு சிமெண்ட் பூச்சு. மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை இழுத்து, வெளியே விட்டுக் காய்பவை. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். நன்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்த்து அரைத்த காரையே ஏற்றது. கடுக்காய் ஊறவைத்த நீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் வழக்கம். வேலை மெதுவாகத்தான் நடக்கும், அவசரப்பட்டுப் பயனில்லை.

கொட்டிலின் தரையை மட்டும் புதிதாகப் போடலாம். கோமியம் தேங்காமல் எருக்குழிக்கு ஓடும்படி வாட்டம் வைக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய தூண், நிலை, கதவு, பத்தாயம் ஆகியவற்றுக்கு நகரத்தில் நல்ல விலை உண்டு. முன்பணம் வாங்கிய பிறகு, பதிவுக்கு முன் அவற்றைப் பெயர்த்து விற்றுவிட்டால் வாங்குபவருக்கு மிஞ்சுவது வெறும் சுவரே. எத்தனை தூண், எத்தனை கதவு, பத்தாயம், ஊஞ்சல் பலகை என்று ஒவ்வொன்றாக எண்ணி, கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.