சுழலும் பொருளும் நாடுகளின் கணக்கும்

ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தைப் படித்துவிட்டு, ‘சங்கம் நன்றாக நடக்கிறது’ என்று கையொப்பமிடும் தணிக்கையாளர் எவரும் இலர். கையிருப்புப் பதிவேட்டைக் கேட்பார். வந்த நூல் எவ்வளவு, நெய்த துணி எவ்வளவு, கழிவு எங்கே போயிற்று என்று பார்ப்பார். நாடுகளுக்கும் இன்று இத்தகைய தணிக்கை நடைபெற்று வருகிறது. மண்ணிலிருந்து எடுத்த பொருளை ஒருமுறை பயன்படுத்திக் குப்பைமேட்டில் கொட்டாமல், மீண்டும் மீண்டும் உபயோகத்திற்குக் கொண்டுவரும் முறையைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கின்றனர். அதில் எந்த நாடு எவ்வளவு முன்னேறியுள்ளது என்பதே கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென 2018ஆம் ஆண்டில் ஓர் அளவீட்டுத் திட்டத்தை வகுத்து, 2023இல் திருத்தியமைத்தது. அதிலுள்ள அளவைகள் பல. பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது ஒன்றே. ஓராண்டில் ஒரு நாடு உபயோகிக்கும் மொத்தப் பொருளில், கழிவிலிருந்து மீட்டது நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது அது. 2023ஆம் ஆண்டில் ஒன்றியம் முழுமைக்கும் 11.8 சதவீதம். நெதர்லாந்து 30.6 சதவீதத்துடன் முதலிடம் பெற்றது. ருமேனியா 1.3, பின்லாந்து 2.4.

பின்லாந்தின் பெயரைக் கண்டதும் நமக்கு வியப்பு உண்டாகிறது. சுழற்சிப் பொருளாதாரத்திற்கென்று தேசியத் திட்டம் ஒன்றை 2016லேயே வெளியிட்ட நாடு அன்றோ அது! கடைசி வரிசைக்கு அது வந்தது எப்படி?

விடை வகுத்தலில் இருக்கிறது. 10 டன் மீட்ட பொருளும் 100 டன் புதுப்பொருளும் உபயோகித்தால், 110இல் 10. அதாவது 9 சதவீதம். அதே நாடு மறு ஆண்டு சாலை போட 100 டன் கல் கூடுதலாக வெட்டினால், 210இல் 10. 5 சதவீதத்திற்கும் குறைவு. மீட்டது ஒரு பலமும் குறையவில்லை. எண் மட்டும் பாதியாயிற்று. பின்லாந்தில் சுரங்கங்கள் மிகுதி. வெட்டியெடுத்த தாதுவின் எடை முழுவதும் அந்நாட்டின் பேரில் ஏறுகிறது. உருக்கிய உலோகத்தை வெளிநாட்டிற்கு விற்கும்போதோ, அவ்வுலோகத்தின் எடை மட்டுமே கழிக்கப்படுகிறது. உலோகத்தையும் துணியையும் செய்பொருளாக வாங்கும் நாட்டிற்குப் பாரம் இலேசு; சுரங்கமும் பருத்திக் காடும் பிறர் கணக்கில் நிற்கும். இக்குறையை உணர்ந்தே, பொருளுக்குப் பின்னால் உள்ள முழு மூலப்பொருளையும் கணக்கிடும் அளவையை 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்தனர். ஆயினும் பத்திரிகைகளில் தலைப்பாவது பழைய சதவீதமே.

நெசவாளர்கள் கருதத்தக்க குறை வேறொன்று. பத்தாண்டு உழைக்கும் உறுதியான போர்வை இச்சதவீதத்தின் மேற்பகுதியில் இடம்பெறுவதே இல்லை. கிழிந்ததைத் தைத்து உடுத்துவதும் அவ்வாறே. கழிவு ஆகாத பொருளை மீட்டதாக எழுத முடியாதல்லவா? இரண்டு சலவையில் நைந்து, கிழிக்கப்பட்டு, பஞ்சாகி மறுபடி நூலாகும் துணிக்கோ உடனே வரவு வைக்கப்படுகிறது. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒன்றியத்தின் நாடுகள் துணிக்கழிவைத் தனியே சேகரிக்கக் கடமைப்பட்டுள்ளன. சேகரித்த கழிவை அயல்நாட்டிற்கு அனுப்பி மீட்டாலும், பெருமை சேகரித்த நாட்டையே சேரும். பிரித்தெடுக்கும் கைகள் எங்கிருப்பினும் சரி!

ஒரே எண்ணை நம்பாத நாடு ஜப்பான். 2003ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே மூன்று அளவைகளை அது வைத்தது. உள்ளே வரும் பொருளில் ஒரு டன்னுக்கு எவ்வளவு செல்வம் விளைகிறது? உள்ளே எவ்வளவு சுழல்கிறது? கடைசியில் புதைக்கப்படுவது எத்தனை டன்? சங்கத்தின் கொள்முதல், உற்பத்தி, கழிவு மூன்றையும் தனித்தனியே பார்ப்பது போன்றதே இது. நமக்கு இம்முறையே உகந்ததாகத் தோன்றுகிறது. ஒன்று மறைப்பதை மற்றொன்று காட்டிவிடும். 2000ஆம் ஆண்டில் அந்நாடு புதைத்த கழிவு 5 கோடி டன்னுக்கு மேல். 2020ஆம் ஆண்டளவில் அது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. இதை மட்டும் பார்ப்பவர் கைதட்டுவார். சுழலும் பங்கோ 10 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16 வரை ஏறி, அங்கேயே பல ஆண்டுகள் நின்றுவிட்டது. புதைகுழி சுருங்கியது உண்மை; ஆயினும் எரித்தும் உலர்த்தியும் கழிவின் எடையைக் குறைப்பதும் அங்கு நடைபெறுகிறது.