நாம் செரிக்காத நாரில் குடலுக்குக் கிடைக்கும் உணவு

கேழ்வரகு, கொண்டைக்கடலை, கீரை, வாழைத்தண்டு ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் மனித உடலில் இல்லை. ஆனாலும் அது வீணாவதில்லை. சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடையும் நாரில் பெரும்பகுதி, அங்கு வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது.

நாரின் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை அவை முதலில் வெட்டுகின்றன. பாக்டீராய்ட்ஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒரே ஓர் இனத்திடமே இதற்கென 200-க்கும் மேற்பட்ட நொதிகள் உள்ளன. பெருங்குடலில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால், வெளிப்படும் சர்க்கரை அங்கே புளிக்கிறது. அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும், கூடவே வாயுவும் உருவாகின்றன. ஒரு பாக்டீரியா வெளியேற்றும் அசிட்டேட்டை இன்னொன்று எடுத்து பியூட்டிரேட் ஆக்குவதும் உண்டு.

அசிட்டேட் ரத்தத்தில் கலந்து தசை வரை போகிறது. புரோப்பியோனேட்டைப் பெரும்பாலும் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. பியூட்டிரேட் குடல் சுவரிலேயே செலவாகிறது. பெருங்குடல் செல்களின் ஆற்றல் தேவையில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்தே கிடைக்கிறது. இதை எரிக்க அந்த செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்திவிடுவதால், ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாக்களுக்கும் அந்த இடம் ஏற்றதாகவே நீடிக்கிறது.

உணவு மாறினால் இந்த உற்பத்தியும் மாறும் என்பதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்கு உணவுமுறையை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் சுமார் இரண்டரை மடங்கானது. குடல் சுவரின் அழற்சியும் தணிந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறிய ஆப்பிரிக்கர்களுக்கு பியூட்டிரேட் பாதியானது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லா பாக்டீரியாக்களும் ஒரே வகை நாரைத் தின்பதில்லை. எனவே பருப்பு, சிறுதானியம், காய், பழம் என மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது. வடித்து ஆறிய சோற்றிலும் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறி, நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போகிறது. நாரின் அளவைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் போதுமான அளவு குடித்தால் இந்தத் தொல்லை குறையும்.