கணிப்பொறியின் வாயில்களைச் சோதிக்கும் முறை

2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி காலை பத்து மணியளவில் மும்பை மாநகரிலும் தாணா, நவி மும்பைப் பகுதிகளிலும் மின்சாரம் திடீரென்று நின்றுவிட்டது. புறநகர் ரயில்கள் ஆங்காங்கே நின்றுபோயின. மாநகரின் வடகிழக்கு எல்லையில் தாணாவை அடுத்துள்ள முலுண்டிலிருந்து சில மைல் தூரத்திலேயே கல்வா என்னும் ஊர் இருக்கிறது. கல்வாவுக்கும் பட்காவுக்கும் இடையிலுள்ள 400 கிலோவோல்ட் மின்பாதை அமைப்பில் நேர்ந்த கோளாறே இத்தடைக்குக் காரணம் என்று அப்பொழுது தெரிவிக்கப்பட்டது.

நான்கு மாதங்களுக்குப் பின், 2021 பிப்ரவரி 28 அன்று, ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்னும் அமெரிக்க நிறுவனம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. இந்திய மின்துறையைச் சேர்ந்த 10 அமைப்புகளும், மும்பை, தூத்துக்குடி ஆகிய இரு துறைமுகங்களும் வெளிநாட்டுக் கணிப்பொறி ஊடுருவலுக்கு இலக்காயின என்று அது கூறிற்று. மும்பை மின்தடைக்குச் சதிவேலை காரணமாயிருக்கலாம் என்று மார்ச் 1 அன்று மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் தெரிவித்தார். மறுநாளே மத்திய மின்துறை அமைச்சர் ஆர். கே. சிங், மனிதத் தவறே காரணம் என்று கூறி அதை மறுத்தார். அந்த அறிக்கையுங்கூட, மின்தடைக்கும் ஊடுருவலுக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றே குறிப்பிட்டிருந்தது.

இவ்விஷயத்தில் மத்திய மின்துறை அமைச்சகம் அளித்த விளக்கத்தில் ஒரு விவரம் கவனிக்கத் தக்கது. சந்தேகத்துக்குரிய முகவரிகள் அனைத்தும் மின் கட்டுப்பாட்டு நிலையங்களின் ஃபயர்வால் என்னும் காவல் ஏற்பாட்டில் தடை செய்யப்பட்டன. அம்முகவரிகளோடு இணைப்பு ஏற்படுத்த ஏதேனும் முயற்சி நடைபெறுகிறதா என்று பதிவேடுகள் கண்காணிக்கப்பட்டன. ஆகவே, எந்தக் கணிப்பொறி எந்தக் கணிப்பொறியுடன், எந்த வாயில் வழியாக இணைப்பு நாடுகிறது என்பதே இத்தகைய விசாரணைகளின் அடிப்படையாகும். அந்த இணைப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதை எளிய புரோகிராம் ஒன்றினால் எவ்வாறு சோதிக்கலாம், சோதனையின் விடையிலிருந்து எவ்வளவு முடிவு கட்டலாம் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வாயில் என்பது யாது?

முலுண்டிலுள்ள அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றைக் கருதுவோம். தெருவும் கட்டிடத்தின் பெயரும் தெரிந்தால் தபால்காரர் கட்டிடத்தை அடைந்துவிடுவார். ஆயினும் கதவு எண் தெரியாமல் கடிதத்தை உரியவரிடம் சேர்க்க இயலாது. கணிப்பொறி வலையமைப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. ஐ.பி. முகவரி கட்டிடத்தைக் காட்டுகிறது. போர்ட்டு எனப்படும் வாயில் எண் கதவைக் காட்டுகிறது.

வாயில் எண் 16 இரட்டை இலக்கங்களால் ஆனது. ஆதலால் 0 முதல் 65,535 வரை எண்கள் அமைகின்றன. இவற்றுள் 0 முதல் 1,023 வரையுள்ளவை பிரசித்தமான சேவைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்குவதற்கான பாதுகாப்பு முறைக்கு 22ஆம் எண்ணும், வலைப்பக்கங்களுக்கு 80ஆம் எண்ணும், அவற்றின் மறைகுறி வடிவத்துக்கு 443ஆம் எண்ணும் உரியன. மின்நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் உள்ள கட்டுப்பாட்டுச் சாதனங்கள் 502, 2404 முதலிய எண்களை உபயோகிக்கின்றன.

இவ்வாயில்களைப் புரோகிராம்கள் அணுகுவதற்கு உதவும் சாதனமே சாக்கெட் ஆகும். சுவரிலுள்ள மின்சாரச் சாக்கெட்டில் பிளக்கைச் செருகியதும் மின்னோட்டம் கிடைப்பது போல, புரோகிராம் தன் சாக்கெட்டை எதிர்த்தரப்புச் சாக்கெட்டுடன் இணைத்ததும் செய்திப் போக்குவரத்து கிடைக்கிறது. இந்த முறை கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையில் உருவாகி, 1983இல் அதன் யூனிக்ஸ் வெளியீட்டுடன் பரவிற்று.

இணைப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

டி.சி.பி. என்னும் விதிமுறைப்படி இணைப்பு மூன்று செய்திகளால் நிறைவேறுகிறது. முதற் கணிப்பொறி ‘இணையலாமா?’ எனக் கேட்கும் ‘சின்’ என்ற செய்தியை அனுப்புகிறது. எதிர்க் கணிப்பொறி சம்மதம் தெரிவிக்கும் ‘சின்-அக்’ என்ற செய்தியைத் திருப்புகிறது. அதைப் பெற்றுக்கொண்டதாக முதற் கணிப்பொறி ‘அக்’ அனுப்பியதும் இணைப்பு உண்டாகிறது.

அந்த வாயிலில் எந்தப் புரோகிராமும் காத்திராவிடில், எதிர்க் கணிப்பொறி ‘ஆர்.எஸ்.டி.’ என்ற மறுப்பை அனுப்பும். இடையிலுள்ள காவல் ஏற்பாடு செய்தியைத் தடுத்து விழுங்கிவிட்டால் எவ்வித விடையும் வராது. எனவே, கேட்பவருக்குக் கிடைக்கக் கூடியவை மூன்று: சம்மதம், மறுப்பு, மௌனம். வாயிற் சோதனை முழுவதும் இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிவதில் அடங்கியுள்ளது.

புரோகிராம் எழுதும் முறை

பைத்தான் மொழியில் இதற்குப் பத்துப் பதினைந்து வரிகள் போதுமானவை. படிகள் பின்வருமாறு:

1. மொழியுடனேயே வரும் ‘சாக்கெட்’ என்னும் தொகுதியை அழைத்துக் கொள்க.

2. சோதிக்க வேண்டிய முகவரியை 127.0.0.1 எனக் குறிப்பிடுக. இது ஒரு கணிப்பொறி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. இதனால் சோதனை பிறருடைய சாதனம் எதையும் தொடாது.

3. முதல் வாயிலை 7,990 எனவும் கடைசி வாயிலை 8,010 எனவும் வைத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த நான்கு படிகளும் திரும்பத் திரும்ப நடக்குமாறு சுழற்சி அமைக்க.

4. புதிய சாக்கெட் ஒன்றை உண்டாக்குக. தோல்வியுற்ற சாக்கெட்டை அடுத்த வாயிலுக்கும் உபயோகித்தல் கூடாது.

5. ‘செட்டைம்அவுட்’ என்னும் கட்டளையால் காத்திருக்கும் காலத்தை ஒரு விநாடியாக வரையறுக்க.

6. ‘கனெக்ட்_எக்ஸ்’ என்னும் கட்டளையால் இணைப்புக்கு முயன்று, அது தரும் எண்ணைப் பெற்று, வாயில் எண்ணுடன் அச்சிடுக. ‘கனெக்ட்’ என்னும் சாதாரணக் கட்டளை இணைப்புக் கிட்டாதபோது பிழை கூறிப் புரோகிராமை நிறுத்திவிடும். ‘கனெக்ட்_எக்ஸ்’ அவ்வாறு நிறுத்தாமல் பிழையின் எண்ணை மட்டும் தெரிவிக்கும்.

7. சாக்கெட்டை மூடுக.

கிடைத்த எண் 0 ஆயின் சம்மதம். லினக்ஸ் முறையில் 111 ஆயின் மறுப்பு. மேற்கூறியவாறு காலவரம்பு வைத்திருக்கையில் 11 ஆயின் மௌனம். விண்டோஸ் முறையில் மறுப்புக்கு 10061 என்ற எண் வரும்.

செய்து பார்க்கத் தக்க இரு பரிசோதனைகள்

முதற் பரிசோதனை. பைத்தானுடன் வரும் ‘எச்.டி.டி.பி. சர்வர்’ என்னும் சிறு சேவையை வேறொரு ஜன்னலில் தொடங்குக. எண் எதுவும் குறிப்பிடாவிடில் அது 8,000ஆம் வாயிலில் காத்திருக்கும். இப்பொழுது நம் புரோகிராமை ஓட்டினால் 8,000க்கு எதிரில் 0 தோன்றும். வேறு சேவைகள் ஓடாவிடில் ஏனைய எண்களுக்கு மறுப்பே தோன்றும். சேவையை நிறுத்திவிட்டு மறுபடியும் ஓட்டினால் 8,000ஆம் வாயிலும் மறுக்கும். வாயில் என்பது யந்திரத்தில் நிரந்தரமாக அமைந்த துவாரமன்று. ஒரு புரோகிராம் காத்திருக்கும் வரையில் மட்டுமே அது திறந்திருக்கிறது என்பதை மாணவர்கள் இதனால் நேரில் காண்பர்.

இரண்டாவது பரிசோதனை. மேற்படி சேவை, தனியாக உத்தரவிடாவிடில், கணிப்பொறியின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும். அதே அறையிலுள்ள மற்றொரு கணிப்பொறியிலிருந்து, உரியவரின் அனுமதியுடன், முதற் கணிப்பொறியின் வலையமைப்பு முகவரிக்குச் சோதனை செய்க. காவல் ஏற்பாடு தடுக்காவிடில் 8,000ஆம் வாயில் சம்மதிக்கும். சேவை தொடங்கப்பட்ட கோப்புறையில் உள்ள கோப்புகளை அங்கிருந்து படிக்கவும் இயலும். பின்னர் சேவையை 127.0.0.1 என்ற முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்தித் தொடங்குக. தன் கணிப்பொறியிலிருந்து கேட்டால் வாயில் திறந்திருக்கும். அடுத்த கணிப்பொறியிலிருந்து கேட்டால் திறந்திராது. ஆகவே, ‘திறந்துள்ளதா?’ என்ற கேள்விக்கு விடை, எங்கிருந்து கேட்கிறோம் என்பதையும் பொறுத்தது. அலுவலகத்துக்குள் இருந்து கண்ட முடிவை வெளியிலிருந்து காணும் நிலைக்கும் பொருந்துவதாகக் கொள்ளலாகாது.

காலக் கணக்கு

தன் கணிப்பொறியில் மறுப்பு உடனுக்குடன் வருவதால் சோதனை விரைவில் முடியும். விடையே தராத கணிப்பொறி ஒன்றில் 65,535 வாயில்களையும் ஒவ்வொரு விநாடி காத்திருந்து சோதித்தால் 18 மணி 12 நிமிஷம் 15 விநாடி ஆகும். ஒரே வேளையில் 100 முயற்சிகள் நடக்குமாறு செய்தால் ஏறக்குறைய 11 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால், ஒரே வேளையில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கக் கூடியவற்றுக்கு லினக்ஸில் வழக்கமாக 1,024 என்ற வரம்பு உண்டு. அன்றியும், வேகத்தை மிகுவித்தால் நெரிசலில் இழக்கப்பட்ட விடையும் மௌனமாகவே தோன்றி முடிவைப் பிழையாக்கும். 1997ஆம் ஆண்டு கார்டன் லயன் வெளியிட்ட ‘என்மேப்’ போன்ற பிரபல கருவிகள், விடை வரும் வேகத்தைக் கணித்துத் தம் வேகத்தை மாற்றிக்கொள்வது இதன் பொருட்டேயாகும்.

விடையின் எல்லை

திறந்த வாயில் ஆபத்தின் சாத்தியத்தைக் காட்டும். ஆபத்து நேர்ந்துவிட்டது என்பதைக் காட்டாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னக்ரை என்னும் கிருமி 445ஆம் வாயில் வழியே கணிப்பொறிகளில் நுழைந்தது. எனினும், அவ்வாயில் திறந்திருந்த யந்திரங்கள் அனைத்தும் அதற்கு இரையாகவில்லை. மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்ட திருத்தத்தைப் பொருத்தியிருந்த யந்திரங்களை அவ்வழியே அது தாக்க இயலவில்லை. வாயில் திறந்திருந்ததும், உள்ளிருந்த மென்பொருள் பழுதுற்றிருந்ததும் சேர்ந்தபோதுதான் கேடு விளைந்தது.

அவ்வாறே, மூடிய வாயிலும் முழுப் பாதுகாப்புக்கு அத்தாட்சியாகாது. உள்ளே புகுந்துவிட்ட தீய புரோகிராம், வாயில் எதையும் திறவாமல், தானே வெளியிலுள்ள கணிப்பொறியை அழைக்கக் கூடும். மின் கட்டுப்பாட்டு நிலையங்களில் வெளிச்செல்லும் இணைப்பு முயற்சிகளும் கண்காணிக்கப்பட வேண்டியதன் காரணம் இதுவே. மேலும், யு.டி.பி. என்னும் மற்றொரு விதிமுறைக்குத் தனி வாயில் எண்கள் உண்டு. அவற்றை நம் புரோகிராம் சோதிப்பதில்லை. எண்ணைக் கொண்டு சேவையைத் துணிவதும் தவறு. 80ஆம் வாயிலில் வேறு சேவையை அமர்த்துவதற்குத் தடை ஏதுமில்லை.

சட்டமும் பொறுப்பும்

பிறருடைய கணிப்பொறியை அனுமதியின்றி அணுகுதல் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் நஷ்டஈட்டுக்கு உரியது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கத்துடன் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முக்கியமான வலையமைப்புகளைக் குறிவைத்து வாயிற் சோதனை செய்வது, சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கப்பட வேண்டிய சம்பவங்களுள் ஒன்றாகும். விளையாட்டாக அனுப்பிய ‘சின்’ செய்தியும் எதிர்த்தரப்பின் பதிவேட்டில் முகவரியுடன் பதியக் கூடும் என்பதை மாணவர்களுக்கு முன்னதாகவே எடுத்துரைத்தல் அவசியம்.

தொழிற்சாலை, மின்நிலையம், நீரேற்று நிலையம் ஆகிய இடங்களிலுள்ள கட்டுப்பாட்டுச் சாதனங்களைச் சொந்த அலுவலகத்தைச் சேர்ந்தவையாயினும் இம்முறையால் சோதிக்கலாகாது. பழைய சாதனங்கள் சில எதிர்பாராத இணைப்பு முயற்சிகளால் செயலற்றுப் போகக் கூடும். 502ஆம் வாயிலை உபயோகிக்கும் மாட்பஸ் முறை 1979இல் வகுக்கப்பட்டது; அழைப்பவர் யார் என்று கேட்கும் ஏற்பாடு அதன் மூல அமைப்பில் இல்லை. பொறுப்பிலுள்ள எஞ்சினீயரின் எழுத்து மூலமான அனுமதியும் மேற்பார்வையும் இன்றி அவற்றை நெருங்குதல் தகாது.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத் தக்கவை

தம் பொறுப்பிலுள்ள கணிப்பொறிகளை, அதிகாரியின் அனுமதி பெற்று, குறித்த கால இடைவெளிகளில் சோதித்து, திறந்த வாயில்களின் பட்டியல் ஒன்றை வைத்திருத்தல் நலம். தேதி, சோதித்த முகவரி, எங்கிருந்து சோதிக்கப்பட்டது, கிடைத்த எண் ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். சென்ற முறை இல்லாத வாயில் இம்முறை திறந்திருந்தால், எந்தப் புரோகிராம் அதைத் திறந்தது என்று விசாரிக்க வேண்டும். தேவையற்ற சேவையை நிறுத்துவதும், தேவையானதை உரிய முகவரிக்கு மட்டும் கட்டுப்படுத்துவதும், மென்பொருள் திருத்தங்களைத் தாமதமின்றிப் பொருத்துவதும் அடுத்த படிகளாகும்.

பட்டியலில் கண்டதைக் கண்டவாறே எழுதி, அதற்குரிய காரணத்தைத் தனியாக ஆராய வேண்டும். 2020இல் மும்பையில் மின்சாரம் நின்றது உண்மை. வலையமைப்பில் ஊடுருவல் பற்றி எச்சரிக்கை வந்ததும் உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று விளைந்தது என்று கூறுவதற்கோ தனிச் சான்று தேவைப்பட்டது. பள்ளியின் கணிப்பொறி அறையில் நடக்கும் சிறு சோதனைக்கும் இதே விதி பொருந்தும். ‘8,000ஆம் வாயில் திறந்துள்ளது’ என்று எழுதுவதற்கு நம் புரோகிராமின் விடை போதுமானது. ‘யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்’ என்று எழுதுவதற்கு அது போதாது.