சடுகுடுவில் மூலை காப்போர்

அருப்புக்கோட்டையில் தறி வைத்திருப்போர் யாவரும் தமக்கென நெய்வோர் அல்லர். பிறர் தரும் பாவையும் ஊடையையும் பெற்று, பிறர் விரும்பிய கரையிட்டு, கூலிக்கு நெய்து கொடுப்போரும் பலர். சேலையை உடுத்துவோர் கடையின் பெயரை அறிவர். நெய்தவன் பெயரை வினவார். இக்கூலி நெசவாளரை ஒத்த ஒருசாரார் சடுகுடு ஆட்டத்திலும் உளர். அவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். பாடிச் சென்று புள்ளி கொணர்வோரைப் புகழ்வார் பலர் உளராதலின், அவரை விடுத்தோம்.

எம் வட்டாரமாகிய அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து நிலம் கரிசல். மழை பெய்யின் காலைப் பற்றி இழுக்கும். காய்ந்துவிடின் வெடித்துக் காலைக் கிழிக்கும். குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களோ எண்ணக்கூடியவை. ஆயினும் தை மாதம் பிறந்தால், கண்மாய்க்கரை ஓரத்திலோ ஊர்ப் பொட்டலிலோ மண் கொட்டிச் சமன் செய்து, ஊருக்கு ஊர் சடுகுடுப் பந்தயம் வைப்பர். வெளியூர்க்காரர் ஒருவரை அழைத்து வந்து தம் அணியில் நிறுத்துவதும் உண்டு. வழிச்செலவும், உணவும், வென்றால் ஒரு பங்கும் அவர்க்குக் கிடைக்கும். மறுவாரம் அவரே வேறோர் ஊருக்கு ஆடுவார். இதனை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை.

ஆட்டத்தின் முறையைச் சுருங்கச் சொல்வோம். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பக்கத்துக்கு 7 பேர். இருபது நிமிடமாக இரு பகுதி. எதிரணியிலிருந்து ஒருவன் மூச்சடக்கிப் பாடிக்கொண்டு வருவான். அவனுக்கு அளிக்கப்பட்ட காலம் 30 விநாடி. அவன் எத்தனை பேரைத் தொட்டு மீள்கின்றானோ அத்தனை புள்ளி அவனுக்கு. அவனைப் பிடித்து நிறுத்தினாலோ, பிடித்த அணிக்குக் கிடைப்பது ஒரே புள்ளி. காப்போர் மூவரோ அதனிற் குறைந்தோ நிற்குங்கால் மட்டும் இரண்டு. இக்கணக்கிலேயே ஓர் ஓரவஞ்சனை இருத்தலை மாணவ நண்பர்கள் கண்டிருப்பர்.

காப்போர் எழுவரும் பிறை போல வளைந்து நிற்பர். அதன் இரு முனைகளிலும் நிற்போரே மூலைக்காரர். பாடி வருவோன் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும் கணத்திலோ, திரும்ப எண்ணி முதுகைக் காட்டும் கணத்திலோ, இவர் தாழ்ந்து பாய்ந்து அவன் கணுக்காலைப் பற்ற வேண்டும். அரை விநாடி முந்தினால் அவன் காலை உதறிக்கொண்டு போவான். பிந்தினால் பிடிக்க ஒன்றும் இராது. தவறின் புள்ளியும் போம், ஆளும் வெளியேறுவான். பற்றிய பின்னரும் தொல்லை தீர்ந்ததன்று. காலைப் பற்றியவன் மண்ணில் இழுபட, மற்றவர் ஓடிவந்து மேலே விழுந்து சாய்ப்பர். அவ்வளவு பேர் பாரத்தையும் அடியில் கிடப்பவன் தாங்குவான். முழங்காலும் தோளும் விரலும் கெடுவது அங்கேதான். பிடியின் புள்ளியோ ஒருவர் பெயரில் மட்டும் எழுதப்படும். உடன் விழுந்த மூவர்க்கு ஏட்டில் இடம் இல்லை.

அமெரிக்கர் ஆடும் காற்பந்திலும் இத்தகையோர் உளர். பதினொருவருள் ஐவர் வரிசையாக முன் நின்று, பந்தை எறிவோனை எதிரிகள் அணுகாவண்ணம் உடலால் தடுப்பர். அவர்க்கு எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை பொதுவாக இல்லை. கடந்த தூரமும் ஈட்டிய புள்ளியும் அவர் பெயரில் ஏறுவதில்லை. பெரும்பாலும் அவர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்பது, எதிரியைத் தகாவண்ணம் பற்றியதாக நடுவர் குற்றம் சாற்றும்போதே. அவருள் பலர் ஆண்டுக்கு ஓர் ஊராக அணி மாறி ஆடி ஓய்வு பெறுவர்.

நம் நாட்டில் இவ்வாழ்க்கைக்குச் சான்றாகத் தஞ்சை மாவட்டத்தவராகிய தர்மராஜ் சேரலாதனைக் கூறலாம். சங்ககாலச் சேர வேந்தரின் பெயரைத் தாங்கியவர் என்பதனாலேயே தமிழ் பயிலும் எமக்கு அவர்பால் ஒரு பற்று உண்டு, அது நிற்க. அவர் வலப்பக்க மூலைக்காரர். 1975 இல் பிறந்தவர். புரோ கபடி லீக் 2014 இல் தொடங்கியபோதே, பலர் ஆட்டத்தை விட்டுவிடும் அகவையை அவர் எய்தியிருந்தார். அதன் பின்னரே பெங்களூரு புல்ஸ், தெலுகு டைட்டன்ஸ், பாட்னா பைரேட்ஸ், புனேரி பல்தான், யு மும்பா, ஹரியானா ஸ்டீலர்ஸ், ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் என ஏழு அணிகளில் ஆடினார். ஜெய்ப்பூர் அணியிற் சேர்ந்த 2021 இல் அவர்க்கு அகவை 46. உடன் ஆடிய இளைஞர் பலர்க்குத் தந்தையாகும் வயது. அவர்களோ, மொழி வேறாயினும், ‘அண்ணா’ என்றே அழைத்தனர்.

தமிழ்நாட்டின் பெயரால் தமிழ் தலைவாஸ் அணி 2017 இல் களம் இறங்கியது. அவ்வாண்டு சேரலாதன் ஆடியது புனேக்கு. ஏலத்தில் விலை கூறி எடுத்தவர்க்கே ஆட வேண்டும் என்பது முறை. ஊர்ப்பாசத்துக்கு அங்கு வேலை இல்லை.

2016 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் சிறந்தது. சூலைத் திங்கள் இறுதியில் பாட்னா அணி அவர் தலைமையில் ஜெய்ப்பூரை 37-29 என வென்று கோப்பை பெற்றது. அவ்வாட்டத்தை நினைப்போர் பாடிச் சென்ற பிரதீப் நர்வாலையே முதலில் நினைப்பர். அதே அணியில் இடப்பக்க மூலையைக் காத்தவர் ஈரானியர் ஃபசல் அத்ராசலி. அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இருவரும் எதிரெதிர் நாட்டணிகளில் இடம்பெற்றனர்; இறுதியில் இந்தியா ஈரானை 38-29 என வென்றது. 2018 இல் இருவரும் மும்பை அணிக்கு மீண்டும் இரு மூலைகளையும் காத்தனர். ஊர் மாறி ஆடுவோர்க்குப் பகையும் நட்பும் இவ்வாறு பருவத்துக்குப் பருவம் மாறும்.

இத்தகைய உச்சி எல்லார்க்கும் கிட்டுவதன்று. திருச்சுழிக்கு அருகே எம் ஊரில் அண்ணன் ஒருவர் உளர். எமக்கு மூலைப் பிடி கற்பித்தவர் அவரே. விளையாட்டுக்கான ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்று நம்பி ஆறு ஆண்டுகள் ஊர் ஊராக ஆடினார். தேர்வுக்குச் சென்ற இடத்தில், “எத்தனை புள்ளி எடுத்தாய்?” என்று வினவினராம். பிடியில் உடன் விழுந்ததற்குக் கணக்கு ஏது? இடது முழங்கால் வீங்கிய பின்னர், கூலித்தறி ஒன்றில் அமர்ந்துவிட்டார். மிதி மிதிக்கையில் வலக்காலுக்கே வேலை கொடுப்பார்.

சென்ற பொங்கல் விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது, பக்கத்து ஊரார் ஆள் போதாமல் அவரை அழைத்துச் சென்றனர். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு எம் ஊருக்கு எதிராகவே மூலையில் நின்றார். பாடிச் சென்ற யாம், அவர் தாழ்வதைக் கண்டும் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினோம். கணுக்கால் அவர் கையில் இருந்தது. எழுந்த பின், “திரும்புமுன் எந்தப் பக்கம் பார்ப்பாய் என்று உன் தோள் சொல்லிவிடுகிறதடா, தம்பி,” என்றார். எம் ஊர் 4 புள்ளியில் தோற்றது.